பொத்தானை மூடித் தைத்தவள்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் மைக்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை காணாமல் போனது, எந்தக் குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தால் நேர்மாறு. ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். "ஊருக்கெல்லாம் வாரி இறைச்சிட்டு எனக்கு மட்டும் கிள்ளிக் குடுக்கறீங்களா?" என்று வள்ளென்று விழுவேன். சிரிப்பார். அதற்கும் பதில் வராது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும், அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். முன்னறை முழுக்க ரெக்சின் சுருளும் ஸ்பாஞ்சும்தான். நடுவில் பெரிய மிஷின். அது ஓடினால் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. நான் போட்ட தையல் பிரிந்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

அவருக்குத் தொண்டை கரகரத்தபோது, மைக் பிடிக்கிறவருக்கு இது புதிதா என்று விட்டுவிட்டோம். வெந்நீர், மாத்திரை, இரண்டு நாள் லீவு, மறுபடி வெந்நீர் என்று நாலு மாதம் ஓட்டினோம். கடைசியில் மருத்துவர் ஒரே போடாகப் போட்டார். குரல்வளையையே எடுக்க வேண்டும், எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது. அவர் சரி என்று தலையாட்டினார். நான்தான் அந்த அறையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். அவள்தான் வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரலிலேயே வேண்டிய வாக்கியங்களைப் பதிவு செய்து ஒரு டேப்லெட்டில் ஏற்றிவிடலாம். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். பசித்தால் பசிக் கட்டத்தைத் தொட வேண்டும், அவர் குரலே பேசும். என் தம்பி டேப்லெட் வாங்கிக் கொடுத்தான். மூன்று மத்தியானம், சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பதிவு செய்தோம்.

அங்கே என்ன செய்தார் தெரியுமா இந்த மனுஷர்? மைக்கைப் பார்த்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்தார். முதுகை நிமிர்த்தினார். "கவனிக்கவும். எனக்குத் தாகமாக இருக்கிறது. தண்ணீர் கொண்டு வரவும்" என்று அறிவிப்பாகவே அறிவித்தார்.

"சார், வீட்ல பேசற மாதிரி பேசுங்க சார்" என்று பயிற்சியம்மா கெஞ்சினாள். முயற்சி செய்து பார்த்தார். மைக்குக்கு முன்னால் அவருக்கு வேறு குரல் கிடையாது. "உணவில் உப்பு குறைவாக உள்ளது." "மின்விசிறியை நிறுத்தவும்." "அவசரம், உடனடியாக வரவும்." இப்படி நூற்று அறுபத்து மூன்று கட்டங்கள். எல்லாமே பேருந்து நிலையம்தான்.

மூன்றாவது நாள் முடிவில் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் மூலையில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். "போதும்டி, வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். சாதாரணமாகச் சொன்னார், வீட்டில் சொல்கிற அதே குரலில். பதிவை நிறுத்தப் பயிற்சியம்மாவுக்கு மறந்துபோயிருந்தது. அவள் அதை அழிக்காமல் கடைசியில் ஒரு கட்டமாகப் போட்டுவைத்தாள். மேலே எதுவும் எழுதவில்லை. சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம். எனக்கு மட்டும் தொட்டுக் காட்டினாள். அவருக்கு அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

டேப்லெட்டைக் கையில் கொடுக்கும்போது, "ஏறிக்கிட்டிருக்கும்மா. அணைச்சிடாதீங்க, அணைச்சா எல்லாம் போயிடும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்த முதல் வேலையாக ஒரு சீட்டில் 'அணைக்காதே' என்று பட்டையாக எழுதி அதன் முதுகில் ஒட்டினேன். அதுவும் மனசுக்குப் போதவில்லை. நல்ல கறுப்பு ரெக்சினில் கவர் வெட்டினேன். சார்ஜ் போடுகிற இடத்துக்குத் துளை வைத்தேன், சத்தம் கூட்டிக் குறைக்கிற பொத்தானுக்குத் துளை வைத்தேன். அணைக்கிற பொத்தான் இருக்கிற இடத்தில் மட்டும் உள்ளே கெட்டி அட்டை கொடுத்து, ரெக்சினை இரண்டாக மடித்து, டபுள் தையல் போட்டு மூடினேன். யாராவது தெரியாமல் அழுத்திவிட்டால்? தம்பிதான் ஒருநாள், "அக்கா, குடு, இன்னொரு இடத்துல நகல் எடுத்து வச்சிடறேன்" என்று கையை நீட்டினான். "தொட்ட, கை இருக்காது" என்று விரட்டினேன். நல்லதுக்குச் சொன்னவனை விரட்டிய வாய் இது.

இரண்டு வருடம் அந்த டேப்லெட் தூங்கவே இல்லை. நான் தூங்கும்போதும் என் தலைமாட்டில் சார்ஜில் கிடக்கும். அவர் கழுத்தில் இப்போது ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைக்கிற துணியையும் நானே தைக்கிறேன். காலையில் "கவனிக்கவும், எனக்குப் பசிக்கிறது" என்று முன்னறை வரைக்கும் முழங்கும். "வண்டி அஞ்சு நிமிஷம் தாமதம், காத்திருக்கவும்" என்று நான் உள்ளிருந்து கத்துவேன். அவர் தோள் குலுங்கச் சிரிப்பார்.

தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் உள்ளறையில் படுத்திருப்பார். நான் மிஷினை நிறுத்திவிட்டு டேப்லெட்டை எடுப்பேன். சத்தத்தை அடியோடு குறைத்து, காதோடு வைத்து, அந்தச் சாம்பல் கட்டத்தைத் தொடுவேன். போதும்டி, வா, வீட்டுக்குப் போலாம். ஒரே ஒரு தடவைதான் கேட்பேன். அதற்கு மேல் கேட்டால் அன்றைக்குத் தையல் ஓடாது. என் புருஷனின் குரல் என்று எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பயணிகளுடையது.

போன செவ்வாய்க்கிழமை காலை தொடுதிரை வேலை செய்யவில்லை.

படம் நன்றாகத் தெரிந்தது. முதல் பக்கத்துக் கட்டங்கள் பளிச்சென்று இருந்தன. தொட்டால் அசையவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், காய்ந்த துணியால் துடைத்தேன், அவர் விரலைத் துடைத்தேன், என் விரலைத் துடைத்தேன். ஊதினேன். திட்டினேன். ஒரு கட்டம்கூட வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தம்பிக்குப் போன் போட்டால் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறான். "ஒருதடவை அணைச்சுப் போடு அக்கா" என்றான். "போனை வைடா" என்றேன்.

சட்டைப்பையில் நூல் கட்டித் தொங்குகிற குட்டி நோட்டில் அவர் எழுதிக் காட்டினார். மைக் பிடித்த கைக்குப் பேனா பிடிக்கத் தெரியாது, கோழிக் கிறுக்கல். ஒரு வாக்கியம் படிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். புதன்கிழமை அவர் எழுதுவதையும் நிறுத்திவிட்டார். எதைக் கேட்டாலும் கையை விரித்தார்.

வியாழக்கிழமை நான் ஒரு அவசர ஆர்டருக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்து மிஷின் நின்றது. உள்ளே சுவரில் தொப் தொப்பென்று அடிக்கிற சத்தம். ஓடினேன். கழுத்துத் துளையில் சளி அடைத்து, முகம் கறுத்து, சுவரைக் கையால் அறைந்துகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அறைந்தாரோ! அவசரக் கட்டம் வேலை செய்திருந்தால் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும், அவர் அப்படித்தான் முழங்கிப் பதிவு செய்திருந்தார். துளையைச் சுத்தம் செய்து, மூச்சு சீரானதும், அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு கதறினேன். நூல் மட்டும் அறுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை காலை சார்ஜிலிருந்து பிடுங்கி, சார்ஜரைக்கூட எடுக்காமல் கடைவீதிக்குக் கிளம்பினோம். இரண்டு வருடம் ஓயாமல் ஓடிய பேட்டரி, சார்ஜிலேயே கிடந்தாலும் பாதிகூட நிறையாது, எடுத்தால் மளமளவென்று இறங்கும். வீட்டு வாசலில் முப்பத்தெட்டு சதவீதம் காட்டியது. கடைவீதியில் இறங்கும்போது இருபத்தேழு. அது பூஜ்யத்துக்கு வந்தால் தானாகவே அணைந்துவிடும். அணைந்தால் எல்லாம் போய்விடும். வழி நெடுக என் தலையில் ஓடியது அது ஒன்றுதான்.

முதல் செல்போன் கடைக்காரர் திரையை நாலு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டச் செத்துப்போச்சு அக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திப் பாக்கணும்."

"அழிச்சா உள்ள இருக்கறது?"

"அது போயிடும். என்ன, போட்டோதானே இருக்கப்போகுது?"

"போட்டோவா? என் புருஷன் உள்ள இருக்காருய்யா!"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கடைக்காரர் என் பக்கத்தில் நின்றவரை ஒரு பார்வை, டேப்லெட்டை ஒரு பார்வை பார்த்தார். பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இருபத்தொன்று.

இரண்டாவது கடையில் கண்ணாடி போட்ட ஒருவர். நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அணைச்சுப் போட்டீங்களா? பொத்தானையே காணோமே. என்னங்க இது, மூடித் தைச்சிருக்கு! யாருங்க அந்தப் புண்ணியவதி?"

"நான்தான்."

"நல்லா இருக்கே கூத்து! மூச்சு விட இடம் வேணாமா அதுக்கு? இருங்க" என்று கத்தரிக்கோலை எடுத்தார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "கைய வச்சீங்க, நடக்கறதே வேற!" அவர் பயந்து கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். மூன்றாவது கடை பூட்டியிருந்தது. பதினான்கு.

வெயிலில் நடந்து பேருந்து நிலையத்துக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. மேலே ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தடம் எண் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்தே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டேப்லெட்டை மடியில் போட்டுக்கொண்டு எண் இறங்குவதைப் பார்த்தேன். பதினொன்று. கெட்ட வார்த்தை எல்லாம் வாயில் வந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் பயிற்சியம்மாவின் நினைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அவள் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டாளாம். அவளுடைய நம்பரை வாங்குவதற்குள் மூன்று பேரிடம் கெஞ்சினேன். ஒருவழியாக எடுத்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன்.

"ரெண்டு வருஷமா அணைக்கவே இல்லையா?"

"நீங்கதானேம்மா அணைக்காதேன்னீங்க!"

"ஐயோ, அம்மா! நான் சொன்னது அந்த அரை மணி நேரத்துக்கு. பதிவு ஏறி முடியற வரைக்கும்தான். அப்புறம் தாராளமா அணைக்கலாமே. அணைக்காம விட்டதாலயே அது மரத்துப் போயிருக்கும்."

அரை மணி நேரத்துக்குச் சொன்னதை நான் இரண்டு வருடம் காவல் காத்திருக்கிறேன்.

"அணைக்கற பொத்தானையும் சத்தம் குறைக்கறதையும் சேத்து அழுத்துங்க. திரை இருட்டாகற வரைக்கும் விடாதீங்க. நடுவுல ஏதாவது கேக்கும், அதைக் கண்டுக்காதீங்க."

"உங்ககிட்ட நகல் இருக்கா?"

"அந்த ரூம் கம்ப்யூட்டரை மாத்திட்டாங்களேம்மா. இப்ப எதுவும் இல்லை."

"அப்ப அணைச்சா உள்ள இருக்கறது போகாதுல்ல?"

"பெரும்பாலும் போகாது" என்றாள்.

பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தை நெஞ்சுக்குள் மாட்டிக்கொண்டது. போனை வைத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேணாங்க, பயமா இருக்கு. வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டுடலாம். தம்பி வரட்டும்" என்றேன். வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம். திரையில் ஏழு.

அவர் நோட்டை எடுத்தார். இத்தனை நாளில் அவ்வளவு நிதானமாக அவர் எழுதிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாக, எனக்குப் புரிய வேண்டும் என்று எழுதி நீட்டினார்.

'தினம் மூணு மணிக்கு மிஷின் நிக்கும். நீ அதைக் கேப்ப. எனக்குக் குரல்தான் போச்சு, காது இருக்கு.'

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திருட்டுத்தனமாக எதையோ தின்று பிடிபட்டவள் நிலைமை. அவர் அடுத்த வரி எழுதினார். 'பிரி.'

"போயிட்டா? அது ஒண்ணுதாங்க எனக்கு இருக்கு. அதுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் நோட்டை மூடினார். என் கைப்பையைத் திறந்து, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைத் தேடி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

என் தையலை நானே பிரித்தேன். அவர் எழுதிக் காட்டியதுபோல் சுலபமாக இல்லை. டபுள் தையல், நல்ல நைலான் நூல், முடிச்சு வேறு. இவ்வளவு கெட்டியாகத் தைக்கச் சொல்லி எவளடி உன்னைக் கேட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு ஒவ்வொரு தையலாக அறுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி நூல் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். ரெக்சின் விலகியது, அட்டையை உருவினேன். இரண்டு வருடமாக வெளிச்சம் படாத பொத்தான், புதுசு மாதிரி இருந்தது. நாலு.

அவர் ஒரு கட்டைவிரலை அதில் வைத்தார், இன்னொன்றை சத்தம் குறைக்கிற பொத்தானில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. அழுத்தினார்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. அணைக்கவா, மறுபடி தொடங்கவா, வேண்டாமா? ஆம் என்று சொல்ல அதைத் தொட வேண்டும். தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. "கேள்வி மட்டும் கேக்கத் தெரியுது, பதில் சொல்ல விடுதா பாரு, பாவி!" என்று கத்தினேன். அவர் விரலை எடுக்கவில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினைந்து. அவர் நகம் வெளுத்துவிட்டது. இருபத்தொன்று என்னும்போது திரை அணைந்தது.

கறுப்புக் கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன. போய்விட்டது என்றே நினைத்தேன். அறுபது வயதில் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு விம்மினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தக்கூட இல்லை. மறுபடி அதே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. விட்டுவிட்டு இன்னொரு தடவை அழுத்தினார். வெள்ளையாக ஒரு எழுத்து வந்தது. அது போய்த் திரும்ப இருட்டு. அப்புறம் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டங்களைத் திறக்கிற சின்னப் படம் வந்ததும் அவர் விரலால் தொட்டார்.

திறந்தது. தொட்டதும் திறந்தது!

உள்ளே வெறும் வெள்ளைத் திரை. பிறகு ஒரு கட்டம் வந்தது, பக்கத்தில் இன்னொன்று. தண்ணீர், பசி, மின்விசிறி, அவசரம். மடமடவென்று வரிசை கட்டின. அவர் தண்ணீரைத் தொடவில்லை, அவசரத்தையும் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தைத் தள்ளினார், தள்ளிக்கொண்டே கடைசிக்குப் போனார். சாம்பல் கட்டம் தன் இடத்தில் இருந்தது. மூலையில் இரண்டு என்று சிவப்பில் எரிந்தது.

அவர் கட்டைவிரல் அழுத்திய அழுத்தில் சத்தம் அடியோடு குறைந்திருந்தது. கூட்டவில்லை. என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, டேப்லெட்டை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் வைத்து, அந்தக் கட்டத்தைத் தொட்டார்.

"போதும்டி, வா, வீட்டுக்குப் போலாம்."

இரண்டு வருடமாகத் தினமும் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை, யாரிடம் சொல்வது?

"வர்றேங்க" என்றேன்.